தகரம் தந்த பாடம்

கனநாளாப் பதிவு ஒண்டும் போடேல்லை. மாஸ்டர்ஸ் ப்ரொஜெக்ட் ஆளை விழுங்கிட்டுது. இண்டைக்கு எழுதுறதும் அதைப் பற்றித்தான். கொட்டாவி விடாமல் வாசியுங்கோ :-)

நோபல் பார்க்கில நான் இருக்கிற வாடகை வீட்டுப் பின்வளவில ஒரு பழைய தகரத் தண்ணீர்த் தாங்கி நிக்குது. நெளிதகரத்தை வட்டமாக வளைத்துச் செய்தது. நெளிவுகள் கிடையாக, வளையம் வளையமாகச் சுற்றி ஓடும். 1829இல் லண்டனில் ஹென்றி ரொபின்சன் பாமர் காப்புரிமை எடுத்த சாமான் இது. 1850களின் தங்க வேட்டையோடு கப்பலேறி மெல்பேர்ணுக்கும் வந்தது. அப்ப வந்த இரும்பு வீடுகள் சில சவுத் மெல்பேர்ண் கவென்றி வீதியில இன்னும் இருக்கு.

போன மாசம் கிளிநொச்சியில இருந்து மாமா எடுத்தார். "தம்பி, தகரத்தை வட்டமா வளைச்சு நாலு மீற்றர் உயரத்துக்கு நெல்லுக் கொட்டினால் தாங்குமோ? நீ படிக்கிறது உதுதானே?"

கணக்குப் பார்த்தன். தகடு 1 மி.மீ. தடிப்பு, நெளிவின் ஆழம் 16 மி.மீ. என்று வையுங்கோ. நெளிவு ஓடும் திசையில் அதை வளைக்க, மட்டத் தகட்டை விடச் சுமார் 384 மடங்கு கஷ்டம். வெறும் தாங்கியைக் காற்று லேசில நசுக்காததுக்குக் காரணம் இதுதான். கிட்டத்தட்ட 7 மி.மீ. தடிப்புச் சுவருக்குச் சமன் என்று நினைச்சு, "ஓம் மாமா, தாங்கும்" எண்டு சொல்லிப்போட்டன்.

அதே கணக்கைப் பேராசிரியரிடம் காட்டினன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "நெல்லு சுவரை எந்தப் பக்கம் இழுக்கும்?"

அப்பதான் விளங்கினது. தண்ணீர் சுவரை வெளியே மட்டும்தான் தள்ளும். நெல்லு அப்பிடி இல்லை. சுவரோட உராய்ந்து அதைக் கீழேயும் இழுக்கும். தானியத்தின் பாரத்தில ஒரு பங்கு சுவருக்குப் போகும் என்று ஜான்சன் என்ற ஜெர்மன் பொறியியலாளர் 1895இலேயே காட்டிவிட்டார். அந்த நிலைக்குத்துப் பாரம் நெளிவுகளுக்குக் குறுக்கே வரும். சுவர் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடங்கப் பார்க்கும். குறுக்கே அமுக்கும்போது தகட்டின் விறைப்பு எவ்வளவு குறையும் என்று பார்த்தால், தோராயக் கணக்கில் அதே 384 மடங்கு! ஒரு கையால தந்ததை மறுகையால வாங்கிப்போடுது.

இங்க கிராமப்பக்கம் தானிய சைலோக்களைப் பார்த்தால் வெளிப்பக்கம் நெடுக இரும்புத் தூண்கள் பூட்டியிருக்கும். நான் அழகுக்கு எண்டு நினைச்சிருந்தன். கீழ்நோக்கிய பாரம் தூணுக்கு, வெளித்தள்ளல் நெளிதகரத்துக்கு. தண்ணீர்த் தாங்கிக்கு அந்தத் தூண் தேவையில்லை. அதைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தது.

அண்டு இரவே மாமாவுக்கு எடுத்தன். தகரம் வாங்கி இறக்கியாச்சாம். "தூண் இல்லாமல் ஒரு மூட்டையும் கொட்டாதேங்கோ. அங்க ஒரு எஞ்சினியரிட்டக் காட்டுங்கோ" எண்டன். கொஞ்சநேரம் ஒண்டும் பேசேல்லை. பிறகு, "பிழையெண்டு நீயே சொன்னாய், அது போதும்" எண்டார்.

அந்தக் கூட்டுக்குக் கீழ சின்னப்பிள்ளையள் விளையாடுற வளவு அது. நினைக்க இப்பவும் வயித்தைக் கலக்குது.