‘ஒண்ணுமில்லீங்க’ என்பவரிடம் வேறு கேள்வி கேளுங்கள்

நாமகிரிப்பேட்டை பக்கம் ஒரு மஞ்சள் விவசாயி என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மாதம் காட்டில் பாடுபட்டு, வேகவைத்துக் காயவைத்து, பாலீஷ் போட்டு ஏலத்துக்குக் கொண்டுபோன மூட்டைகளுக்கு நினைத்த விலை விழவில்லை. வீட்டுக்கு வந்தவர் வழக்கம்போலச் சாப்பிடுகிறார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார், படுக்கிறார். நாலைந்து நாளில் நெஞ்சு கனக்கிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது, வயிறு எரிகிறது. “மனசுல ஏதாச்சும் கவலையா?” என்று டாக்டர் கேட்டால், “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, என்னமோ ஒரு மாதிரியா இருக்குது” என்கிறார். அவர் மறைக்கவில்லை. உள்ளே இருப்பது கவலை என்பதே அவருக்குப் பிடிபடவில்லை.

தன் உணர்ச்சியைக் கண்டுகொள்வதில் ஆளுக்கு ஆள் இவ்வளவு வித்தியாசம் உண்டு. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாகஸ்வரத்தைக் கேட்கிற ஒருவர் இது இன்ன ராகம் என்பார். இன்னொருவருக்குப் பெயர் தெரியாது, சற்றுமுன் வாசித்தது வேறு என்பது மட்டும் தெரியும். மூன்றாமவருக்கு எல்லாமே மேளச்சத்தம். காது மூவருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. மனத்துக்குள் நடப்பதும் அப்படித்தான்: சிலர் கோபத்தையும் அவமானத்தையும் பயத்தையும் தனித்தனியே பிரித்துச் சொல்வார்கள், சிலருக்கு எல்லாம் சேர்ந்து ஒரே படபடப்பு.

மூன்றாவது வகையின் கடைக்கோடிக்கு ‘அலெக்ஸிதைமியா’ என்று 1970களின் தொடக்கத்தில் பெயர் வைத்தவர் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர். இது நோய் அல்ல, ஒரு இயல்பு. இருபது கேள்விகள் கொண்ட டொராண்டோ அளவுகோலில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது கூடுதலாகத் தெரிகிறது. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு உண்டு. பரம்பரை, சின்ன வயதில் பட்ட அடி, ‘ஆம்பளை அழக்கூடாது’ என்ற வளர்ப்பு எல்லாவற்றுக்கும் இதில் பங்கு இருக்கலாம். மனச்சோர்வு வந்தால் இது இன்னும் கூடும்.

இப்படிப்பட்டவரைக் கல்நெஞ்சக்காரர் என்று வீட்டில் பேசுவது பெரிய அநியாயம். இதயம் வேகமாகத் துடிப்பதும் வயிறு இறுகுவதும் அவருக்கும் நடக்கிறது. அது எதனால் என்ற கணக்குத்தான் தவறிப்போகிறது. அதன் விலை அதிகம். மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரை, டாஸ்மாக், காரணமில்லாமல் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவது என்று நாள் ஓடும். கடைசியில் மனச்சோர்வு முற்றிய பிறகுதான் ஊருக்கே தெரியும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சுவலியை ‘டென்ஷன்’ என்றோ ‘கேஸ்’ என்றோ நாமாக முடிவுகட்டக் கூடாது. முதலில் 108, ஈசிஜி. இதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்ற பேச்சு.

அந்த மற்ற பேச்சில் “மனசு எப்படி இருக்கு?” என்ற கேள்வி இவர்களிடம் வேலைக்கு ஆகாது. எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, சோறு இறங்குகிறதா, கடைசியாக யாரோடு சிரித்துப் பேசினார், வலி வருவதற்கு முன்தினம் என்ன நடந்தது என்று கேளுங்கள். பதில் வரும். டாக்டரிடம் போகும்போது கூட இருந்து பார்க்கிற ஒருவரையும் அழைத்துப் போனால் நல்லது. உணர்ச்சிகளைப் பெயர் சொல்லிப் பிரிக்கப் பெரியவர்களானாலும் ஆலோசகர் துணையோடு பழகலாம். வேகம் மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பெயர் சொல்லத் தெரியாத தவிப்புக்கும் இந்த எண்ணை அழைக்கலாம். ‘ஒரு மாதிரியா இருக்குது’ என்று தொடங்கினாலே போதும். நேரில் பார்க்க மாவட்ட மனநலத் திட்டமும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவும் இருக்கின்றன.

அங்கே போவது சலுகை கேட்டு அல்ல. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, பிரிவு 18இன்படி அரசு செலவில் நடக்கும் மனநலச் சிகிச்சை ஒவ்வொருவரின் உரிமை. வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு, கையில் அட்டை இல்லாவிட்டாலும், அது இலவசம். பிரிவு 21, உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. நிறுவனம் மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் முறையிட வேண்டும், தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது பிரிவு 115. போலீஸ் கேசுக்குப் பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்கும் வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘பொண்ணு பார்க்க வர்றப்ப யாராவது சொல்லிட்டா?’ என்பதுதான் நம்மூரில் உண்மையான தடை. டாக்டரிடம் சொன்னது ரகசியமாக இருக்க வேண்டும் என்பது பிரிவு 23. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. முன்பு சிகிச்சை எடுத்தார் என்பதை மட்டும் வைத்து ஒருவரை இன்றைக்கும் மனநோயாளி என்று தீர்மானிக்க முடியாது என்பது பிரிவு 3. சிகிச்சை தருவதில் குறை இருந்தால் முதலில் அந்த மருத்துவமனைப் பொறுப்பு அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியம். அதற்கு வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100ஐ அழைத்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச சட்ட உதவிக்கு வழி சொல்லும்.