ஸ்லைடில் எது அசைய வேண்டும்?

பினாங்குக் கொடிமலை ரயில் எப்படி மலையேறுகிறது என்பதை வகுப்பில் ஐந்து நிமிடத்தில் விளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பவர்பாயிண்டைத் திறந்ததும் பலர் செய்வது என்ன? எழுத்துகளைப் பறக்க விடுவார்கள், படங்களைச் சுழல விடுவார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ரயில் மட்டும் புரியாது. ஏன்?

கண் செய்யும் வேலை

நம் விழித்திரையின் நடுப்பகுதிதான் நுணுக்கங்களைக் காண்கிறது. ஓரப்பகுதியால் எழுத்துகளைப் படிப்பது கடினம். ஆனால், ஏதாவது அசைந்தால் அது உடனே கண்டுகொள்ளும். அதனால் திரையின் மூலையில் ஒரு நட்சத்திரம் சுழன்றால், பார்ப்பவர் விரும்பாவிட்டாலும் பார்வை அங்கே ஓடும். அப்போது நீங்கள் சொல்வது காதில் விழும்; மனத்தில் நிற்காது.

மனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே நேரத்தில் நாம் நினைவில் ஏந்தக்கூடிய புதிய செய்திகள் ஏறத்தாழ நான்குதான் என்கிறார் உளவியலாளர் நெல்சன் கோவன். ஒரு ஸ்லைடில் பத்து வரிகளைப் போட்டு அவற்றையே வாசித்துக் காட்டினால், கேட்பவர் படிப்பதா, கேட்பதா என்று திண்டாடுவார்.

அடுக்கும் முறை

கொடிமலை ரயில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கிய அதே 1923-இல், மேக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அருகருகே இருப்பவற்றையும் ஒரே மாதிரி இருப்பவற்றையும் நம் மனம் ஒரு குழுவாகச் சேர்த்துப் பார்க்கும் என்பது அதன் சாரம். எனவே படத்தின் பெயரை அந்தப் படத்தை ஒட்டியே எழுதுங்கள். கீழே தனியாகப் பட்டியல் போடாதீர்கள். ஏறும் பெட்டிக்கு ஒரு நிறம், இறங்கும் பெட்டிக்கு வேறு நிறம் என்று முடிவு செய்தால், கடைசி ஸ்லைடு வரை அதை மாற்றாதீர்கள்.

அசைவு எங்கே தேவை?

பொருளே அசைவதாக இருந்தால் அங்கே அசைவு தேவை. கொடிமலை ரயிலில் இரண்டு பெட்டிகள் ஒரே கம்பி வடத்தின் இரு முனைகளில் இணைக்கப்பட்டுள்ளன. மலை உச்சியில் உள்ள சக்கரத்தின்மேல் வடம் ஓடுகிறது. ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறுகிறது. இறங்கும் பெட்டியின் எடை, ஏறும் பெட்டியைத் தூக்க உதவுகிறது. ஆகவே மோட்டார் சமாளிக்க வேண்டியது இரண்டின் எடை வித்தியாசத்தையும் உராய்வையும்தான். ஒற்றைப் பாதை நடுவில் மட்டும் இரண்டாகப் பிரிந்து, பெட்டிகள் ஒன்றையொன்று கடக்க வழிவிடுகிறது.

இதைச் சொற்களால் விளக்குவது கடினம், அசைவால் எளிது. முதலில் மலை, பாதை, வடம் ஆகியவற்றை அசையாமல் காட்டுங்கள். பிறகு 'மோஷன் பாத்' வசதியைக் கொண்டு இரு பெட்டிகளையும் எதிரெதிர்த் திசையில் நகர்த்துங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் புறப்பட்டு, ஒரே கால அளவில் முடிய வேண்டும். ஒன்று முந்தினால் நீங்கள் காட்டுவது அறிவியல் பிழை. 2011-க்கு முன் பயணிகள் நடு நிலையத்தில் பெட்டி மாறியதைச் சொல்ல ஒரு நிலையான படமே போதும்.

தலைப்பு சொல்லும் செய்தி

'ரயிலின் தத்துவம்' என்று தலைப்பிடுவதைவிட, 'இறங்கும் பெட்டி ஏறும் பெட்டியைத் தூக்குகிறது' என்று முடிவையே தலைப்பாக்குங்கள். இதை எளிதாக எண்ண வேண்டாம். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் புறப்பட்டபோது நுரைத்துண்டு ஒன்று அதன் இறக்கையில் மோதியது. பொறியாளர்கள் தயாரித்த ஒரு ஸ்லைடின் தலைப்பு, நிலைமை அவ்வளவு மோசமில்லை என்ற எண்ணத்தைத் தந்தது. மோதிய துண்டு, சோதனையில் பயன்பட்டதைவிட 600 மடங்குக்கும் மேல் பெரிதாக இருக்கலாம் என்ற விவரமோ கடைசி வரியில் சிறிய எழுத்தில் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். விபத்துக்கு நேரடிக் காரணம் நுரைத்துண்டுதான். ஆனாலும், முக்கியச் செய்தியை அந்த ஸ்லைடு மறைத்ததை விசாரணைக் குழு தன் அறிக்கையில் குறை கூறியது.

உங்கள் ஸ்லைடு தயாரானதும் ஒவ்வோர் அசைவாக நீக்கிப் பாருங்கள். நீக்கிய பிறகும் விளக்கம் குறையவில்லையா? அப்படியானால் அந்த அசைவு தேவையே இல்லை.