பேரி இலையில் விழும் புள்ளிகள்

வீட்டுக் கொல்லையில் நிற்கும் பேரி மரத்தின் இலைகளில் புள்ளி கண்டவுடன் மருந்து தெளிக்க முற்படுவது இயல்பே எனினும், பூஞ்சை, பாக்டீரியா, சிலந்திப்பேன் ஆகிய மூன்றும் அவ்விலைகளைக் கெடுக்கக்கூடியவை என்பதாலும், ஒன்றுக்கான மருந்து மற்றொன்றில் பலிப்பதில்லை என்பதாலும், இலையின் இருபுறத்தையும் கூர்ந்து பார்ப்பதே முதல் வேலையாகும்.

ஐரோப்பியத் தோட்டங்களில் பரவலாகக் காணப்படும் துரு நோயில், கோடையின் தொடக்கத்தில் இலையின் மேற்புறத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றி, கோடை முடிவில் அவற்றின் நேர் கீழே பழுப்பு நிற முடிச்சுகள் புடைத்தெழுகின்றன. இந்நோயை உண்டாக்கும் பூஞ்சை தன் வாழ்நாளை இரு மரங்களுக்கிடையே பகிர்ந்துகொள்கிறது. அம்முடிச்சுகளிலிருந்து வெளிப்படும் வித்துகள், அதாவது பூஞ்சை பரவுவதற்குரிய நுண்துகள்கள், மற்றொரு பேரி மரத்தைத் தொற்றாமல் ஜூனிப்பர் என்னும் ஊசியிலைச் செடியைச் சென்றடைகின்றன. அங்கே வீங்கிய கிளைகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் பூஞ்சை, வசந்த மழையில் ஆரஞ்சு நிறக் கூழாகப் பிதுங்கி, காற்றின் வழியே மீண்டும் பேரிக்கு வருகிறது. ஆகவே உதிர்ந்த பேரி இலைகளை எரிப்பதால் துரு நீங்காது. ஜூனிப்பரின் வீங்கிய கிளைகளை வெட்டுவதே பொருத்தமான வழி. அச்செடி அண்டை வீட்டு வேலியில் இருந்துவிட்டால் தொற்றை முழுமையாகத் தடுப்பது அரிது என்றாலும், வலுவான மரம் ஓரளவு துருவைத் தாங்கிக்கொள்ளும்.

சொறி நோய் இதற்கு மாறானது. ஆலிவ் பச்சையில் வெல்வெட்டுப் போர்வை போர்த்தியதுபோன்ற திட்டுகளை உண்டாக்கும் இப்பூஞ்சை, உதிர்ந்த இலைகளிலும் இளங்கிளைகளின் புண்களிலும் குளிர்காலத்தைக் கழிப்பதால், இலைகளைக் கூட்டி அகற்றுவதும், புண்பட்ட கிளைகளைக் கத்தரிப்பதும், மொட்டு விரியும் பருவத்திலேயே பூஞ்சைக்கொல்லி தெளிப்பதும் பயன் தரும். இலையில் புள்ளிகளுக்குப் பதிலாகச் சிறு கொப்புளங்கள் எழுந்து கருகுமானால், அது தென்னையைத் தாக்கும் ஈரியோபைட் சிலந்தியின் குடும்பத்தைச் சேர்ந்த சிலந்திப்பேனின் வேலை. அதற்குப் பூஞ்சைக்கொல்லி தெளிப்பது வீண் செலவு.

உண்மையில் அஞ்சத்தக்கது, நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பள்ளத்தாக்கில் 1780-ஆம் ஆண்டளவில் முதன்முதலில் கவனிக்கப்பட்ட தீக்கருகல் நோய். பூக்கும் காலத்தின் வெப்பமும் ஈரமும் சேரும்போது மழைத்துளிகளாலும் பூச்சிகளாலும் பரவும் இந்நோயில், தளிர்நுனிகள் வாடி வளைந்து, இலைகள் தீயில் வாட்டப்பட்டவைபோலக் கருகி, உதிராமல் கிளையிலேயே தொங்கும். இதற்குக் காரணம் பாக்டீரியா என்று இல்லினாய்ஸ் மாநிலத்துப் பேராசிரியர் தாமஸ் பர்ரில் 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டறிந்தது, பாக்டீரியா தாவரங்களையும் நோயுறச் செய்யும் என்பதற்குக் கிடைத்த முதற்சான்றாக அமைந்தது.

கிளைக்குள் புகுந்துவிட்ட இந்தத் தொற்றை இலைமேல் தெளிக்கும் மருந்து எட்டாது என்பதால், கருகல் தெரியும் இடத்துக்கு ஏறத்தாழ 30 செ.மீ. கீழே, நலமான பகுதியிலேயே, ஈரமற்ற நாளில் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் கத்தரியை 70 விழுக்காடு ஆல்கஹாலில் தோய்த்தெடுக்கவேண்டும். நோயுற்ற மரம் தேறட்டும் என்று தழைச்சத்து உரத்தை அள்ளியிடுவது பெருந்தவறு. அதனால் பெருகும் இளந்தளிர்களையே இந்தப் பாக்டீரியா எளிதில் பற்றுகிறது.