காராச்சேவு கட்டி வந்த தாள்

சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டுக்குக் காராச்சேவு வந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு அச்சாபீஸில் வாரச் சம்பளம். சம்பளத்தை வாங்கினதும் அண்ணாச்சி கடையில் கால் கிலோ சாத்தூர்ச் சேவு கட்டிக்கொண்டு வருவார். சேவு தீர்ந்ததும் பொட்டலத் தாளை நீவிவிட்டுப் படிப்பது சின்ன வயசிலிருந்தே எனக்கு ஒரு பழக்கம். பத்தாம் கிளாஸோடு நின்றவளுக்கு அதுதான் லைப்ரரி! சிவகாசியில் தாளுக்கா பஞ்சம்? காலண்டர்க் கழிவு, வெடி லேபிள், பாதி அச்சான கல்யாணப் பத்திரிகை என்று என்னென்னவோ வரும்.

போன ஆடி மாசம் வந்த தாள் வேறு மாதிரி. ஏதோ ஒரு பட்டாசு ஆபீஸில் வேலையாட்களுக்காக எழுதி வைக்கும் விவரப் படிவம், ஜெராக்ஸ் காப்பி. மூலையில் எண்ணெய்க் கறைக்கு நடுவே ஒரு போட்டோ. உற்றுப் பார்த்தால், நம்ம பின் தெருப் பெண்! தினம் காலையில் தூக்குச்சட்டியோடு வேன் ஏறிச் சரம் பின்னப் போகிறவள்.

பெயர், வயசு, விலாசம், செல் நம்பர், ஆதார் நம்பர், பேங்க் கணக்கு நம்பர் எல்லாம் வரிசையாக இருந்தன. 'கணவர் பெயர்' என்ற இடத்தில் ஒரு கோடு. பக்கத்தில், 'பிரிந்து நான்கு வருடம்'. வாரிசு என்ற இடத்தில் மகள் பெயர். கீழே யாரோ பேனாவால் கிறுக்கியிருந்தார்கள்: 'கர்ப்பப்பை ஆபரேஷன், ஈ.எஸ்.ஐ. லீவு. அட்வான்ஸ் பாக்கி.'

எனக்கு உடம்பெல்லாம் என்னவோ செய்தது. தெருவில் அவள் சொல்லியிருந்தது என்ன தெரியுமா? வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், தீபாவளிக்குத்தான் வருவார் என்று. நாங்களும் நம்பியிருந்தோம்.

"என்னத்தா, அப்படி முழிச்சுப் பாக்குற? யாரு படம் அது?" என்றார்கள் என் மாமியார்.

"ஒண்ணுமில்லத்தை, ஏதோ பழைய கணக்கு" என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால், அன்று ராத்திரி என் நாக்கு நமநமவென்றுதான் இருந்தது. மறுநாள் காலை குழாயடியில் எதிர் வீட்டு மதினி அவளைப் பற்றியே பேச்செடுத்தாள். "இந்தத் தீவாளிக்காவது அவ வீட்டுக்காரரு வருவாராமா?" வாய் வரைக்கும் வந்துவிட்டது. எப்படி அடக்கினேன் என்றால், அதற்கு ஒரு பழைய கதை உண்டு. சில வருஷம் முன்னால் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு அம்மா வந்துகொண்டிருந்தாள். மகனைப் போலீஸில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று என்னிடம் அழுதாள், ஒரு நாள் லீவும் கேட்டாள். நான் அதை ஒரு காதுகுத்து வீட்டில் நாலு பேர் நடுவே, பாவம் என்று சொல்லித்தான், எடுத்துச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அந்த அம்மா என் வாசல்படி ஏறவில்லை. பாக்கிச் சம்பளத்துக்குக்கூட வரவில்லை. சம்பளம் கொடுத்து ஒரு ஆளை வைத்துக்கொண்டால் நானும் ஒரு முதலாளிதானே? அவள் லீவு கேட்பதற்காகச் சொன்ன விஷயத்தை ஊருக்குச் சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

சாயங்காலம் அவள் வேனை விட்டு இறங்குகிற நேரம் பார்த்துப் போனேன். தாளைக் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். முகம் கறுத்துப்போனது.

"வேற யாருக்கா பாத்தாக?"

"என்னைத் தவிர ஒருத்தரும் பாக்கல. சேவு கட்டி வந்துச்சு."

திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே பேசினாள். "இதுக்குத்தாங்க்கா நான் முதல்ல அவர் பேரையே எழுதிருவோம்னு இருந்தேன். கணக்குப்பிள்ளைதான் சொன்னாரு. தாயி, உள்ளதை எழுதும்மா, மருந்துக்குள்ள வேலை பாக்குற, நாளைக்கு ஒண்ணுன்னா பணம் உன் பிள்ளைக்குப் போகணுமான்னு கேட்டாரு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எழுதுனேன். எழுதி இப்ப சேவு மடிக்கவா ஆச்சு?"

வெளியூர்ச் சகோதரிகளுக்கு அந்தக் கணக்குப்பிள்ளை சொன்னது விளங்குமோ என்னவோ. எங்கள் பக்கத்தில் அது வெறும் பேச்சு இல்லை. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் சுமார் 40 பேர் போனார்கள். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். அப்படிப்பட்ட நாளில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற குடும்பத்துக்குத் துணை எது? உள்ளே வேலை பார்த்தது யார், எந்த ஊர், வாரிசு யார் என்று ஆபீஸ் நோட்டில் எழுதியிருப்பதுதான். ரத்த வகை எழுதியிருந்தால் அதுவும் உதவும். ஆகவே ஆபீஸில் இதையெல்லாம் கேட்பது தப்பே இல்லை. ஆனால் எழுதியது வெளியே போய்விடும் என்று பயந்தால் ஒரு பெண் உண்மையை எழுதமாட்டாள். எழுதாமல் விட்டால், நாலு வருஷமாகத் திரும்பிப் பார்க்காத மனிதன் பணத்துக்கு மட்டும் முதல் ஆளாக வந்து நிற்பான். இவள் விஷயத்தில் நான் கண்ட பெரிய ஆபத்து அதுதான். தெருவில் மானம் போவது இரண்டாவது.

என் தம்பி மகள் மதுரையில் வக்கீல். அவளிடம் ஆள் பெயர் சொல்லாமல் விசாரித்தேன். "அத்தை, 1952-ல கொண்டுவந்த பி.எஃப். திட்டத்துலயே இதுக்கு வழி வச்சிருந்தாங்க. வேலை பாக்குற பொம்பளை, என் கணவரை என் குடும்பக் கணக்குல சேர்க்க வேண்டாம்னு எழுதிக் கொடுக்கலாம்" என்றாள். எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. அந்தக் காலத்திலேயே யாரோ ஒரு புண்ணியவான் இதை யோசித்திருக்கிறார் பாருங்களேன்! ஆனால் அப்படி ஒரு கடிதத்தை எழுதுகிறவளுக்கு, அதை வாங்கி வைக்கிறவர் வாய் பூட்டுப் போட்டதாக இருக்கும் என்ற தைரியம் வேண்டுமே.

இன்னொரு வழக்கும் சொன்னாள். நீரா மாத்தூர் என்ற பெண் 1989-ல் எல்.ஐ.சி.யில் வேலைக்குச் சேர்ந்தார். பிரசவ லீவு எடுத்ததை அடுத்து வேலை போய்விட்டது. காரணம், சேரும்போது கொடுத்த படிவத்தில் கடைசியாகத் தூரமான தேதியைத் தப்பாக எழுதிவிட்டாராம். அந்தப் படிவத்தில் இருந்த கேள்விகளைக் கேளுங்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, வலி உண்டா, எத்தனை முறை கர்ப்பம் தரித்தது, எத்தனை நிறைமாதப் பிரசவம், கரு கலைந்தது உண்டா... டாக்டரிடம் சொல்லவே நாம் தலை குனிகிற விஷயம்! 1991 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னதோடு, ஒரு பெண்ணின் நாணத்துக்கும் சுயமரியாதைக்கும் இடைஞ்சலான இந்தக் கேள்விகளையே படிவத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னது. வேலைக்குத் தேவையில்லாததைக் கேட்கவே கூடாது என்று அதிலிருந்து நான் புரிந்துகொண்டேன். கேட்காத விஷயம் எப்படிப் பொட்டலத்தில் வரும்?

2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலாக, அந்தரங்கம் என்பது ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2023-ல் நம் விவரங்களைப் பாதுகாக்க ஒரு தனிச் சட்டமும் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. ஆனால் அது கம்ப்யூட்டரில் ஏற்றும் விவரங்களுக்கானது. வெறும் தாளாகவே கிடந்து வெறும் தாளாகவே எடைக்குப் போவதை அது பிடிக்காது என்றாள். வேலை பார்க்கிற இடத்தில் ஒரு பெண் பாலியல் தொல்லை என்று புகார் கொடுத்தால் அவள் பெயரையோ விலாசத்தையோ வெளியிடக் கூடாது என்று 2013-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2017-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். அந்தத் தாள் எப்படி வெளியே வந்தது? பெரிய சதி ஒன்றும் இல்லை. ஆபீஸில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். அலமாரியில் இடத்தை அடைக்கிறதே என்று பழைய ஜெராக்ஸ் கட்டுகளை யாரோ எடைக்குப் போட்டுவிட்டார்கள். பழைய பேப்பர் கடையிலிருந்து பலகாரக் கடைக்கு! அவளும் கூட வேலை பார்க்கிற இரண்டு பெண்களும் அந்தத் தாளோடு கணக்குப்பிள்ளை முன்னால் போய் நின்றார்கள். அவளுக்கு வேலை போய்விடுமோ என்று எனக்கு இங்கே அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை. நல்லவேளை, அந்த மனிதருக்கு நெஞ்சில் ஈரம் இருந்தது. தாளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாராம். அன்றைக்கே பழைய பேப்பர் கடைக்கு ஆள் விட்டு, மிச்சமிருந்ததைத் திருப்பி வாங்கிவிட்டார். முக்கால் சாக்கு கிடைத்தது. மீதி யார் யார் வீட்டுக்குப் பக்கோடாவோடு போனதோ, சேவோடு போனதோ!

இப்போது அங்கே அந்த அலமாரிக்குப் பூட்டு வந்திருக்கிறதாம். சாவி ஒரே ஆளிடம். அட்வான்ஸ் பாக்கியை எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிப்பதும் நின்றுவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் இன்னும் பெண்களின் நம்பர் எல்லார் கண்ணிலும் படத்தான் செய்கிறது. கண்ட நேரத்தில் 'குட்நைட்' அனுப்பும் ஆசாமிகளை என்ன செய்வது என்று கேட்கிறாள். குரூப்பை விட்டுவிட்டு ஆபீஸிலிருந்தே தனித்தனியாகத் தகவல் சொல்லும்படி கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

நாமும் ஜாக்கிரதையாக இருக்கலாம். தம்பி மகள் எனக்குச் சொன்னதை நானும் இப்போது தவறாமல் செய்கிறேன். ஆதார் ஜெராக்ஸ் எங்கே கொடுத்தாலும், 'இன்ன காரியத்துக்கு மட்டும்' என்று குறுக்கே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைக்கிறேன். கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாதிரி மறைத்த ஆதாரும் இப்போது எடுத்துக்கொள்ளலாம். அது போதும் என்கிற இடத்தில் அதையே கொடுங்கள். ஜெராக்ஸ் கடையில் சரியாக விழாத காப்பியைக் குப்பைக் கூடையில் விட்டுவிட்டு வராதீர்கள். வேலைக்குப் போகிற பெண்கள், படிவத்தில் எதற்கென்றே தெரியாத கேள்வி இருந்தால், "இது எதுக்கு அண்ணாச்சி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வாரிசு விவரத்தை மட்டும் வெட்கப்பட்டு மாற்றி எழுதிவிடாதீர்கள்.

அந்த முக்கால் சாக்குத் தாளை என்ன செய்வது என்று ஆபீஸில் யோசித்திருக்கிறார்கள். அங்கே வைத்து எரிக்க முடியுமா? பட்டாசு ஆபீஸ் ஆயிற்றே! கடைசியில் பெண்கள் எல்லாரும் அவரவர் படிவத்தைத் தேடி எடுத்துக்கொண்டார்களாம். அவள் தன்னுடையதைச் சுக்கு நூறாகக் கிழித்து, என் வீட்டுக்குத்தான் எடுத்துவந்தாள். என்னிடம் ஓட்டை விழுந்த முறம் ஒன்று கிடந்தது. தாளை இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் ஆட்டி, இரண்டு பேருமாக அந்த முறத்துக்குப் பூசினோம்.

மாமியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பழைய கணக்காத்தா இது?" என்றார்கள்.

"ஆமாத்தை" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.