நிரந்தர வட்டி; நிலையாத மதிப்பு!

அசலைத் திருப்பித் தரும் நாளைக் குறிக்காமல் கடன் கேட்டால், நம் தெருக் கடைக்காரர்கூடக் கதவைச் சாத்துவார். பிரிட்டிஷ் அரசு கேட்டது, கிடைத்தது! 18ஆம் நூற்றாண்டின் நடுவிலே 'கன்சால்' பத்திரங்களை வெளியிட்டது. அசல் திரும்ப நாளில்லை; வட்டி மட்டும் ஆண்டுதோறும் நிரந்தரம் என்றார்கள்.

நிரந்தரமா? பார்ப்போம், தோழர்களே!

1917. முதல் உலகப் போர். நாட்டுப்பற்றின் பேரால் போர்க்கடன் திரட்டினர். வட்டி நூற்றுக்கு ஐந்து. 1932இல் நிதியமைச்சர் நெவில் சேம்பர்லின் மீண்டும் நாட்டுப்பற்றை அழைத்தார். வட்டி மூன்றரையாக இறங்கியது. அசலுக்கு இருந்த கடைசித் தவணையும் அகன்றது. விரும்பாதோர் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்றனர்; ஆயினும் பெரும்பாலோர் இசைந்தனர்.

கணக்கு எளிது. பத்திரத்தில் அச்சிட்ட தொகை 100 பவுன், வட்டி மூன்றரை. ஆண்டுக்கு மூன்றரைப் பவுன், இரண்டு தவணைகளில். சந்தையில் அதே பத்திரத்தை 50 பவுனுக்கு வாங்கியவருக்கும் அதே மூன்றரைதான்! அவர் போட்ட பணத்துக்கு அது நூற்றுக்கு ஏழு. வட்டியைக் கணக்கிடுவது அச்சிட்ட தொகைக்கு. கொடுத்த விலைக்கு அல்ல. ஆகவே நாட்டிலே வட்டி விகிதம் ஏறினால், பழைய பத்திரத்தின் விலை சரியும். 100 கொடுத்து வாங்கியவர் விற்கப் போனால் கையைப் பிசைவார்.

விற்காமல் வைத்திருந்தவரோ? மூன்றரை வந்துகொண்டே இருந்தது. ரொட்டி விலை ஏறிற்று. வீட்டு வாடகை ஏறிற்று. மூன்றரை மட்டும் மூன்றரையாகவே நின்றது!

2015 மார்ச் 9 அன்று, வட்டி விகிதம் தாழ்ந்திருந்த வேளை பார்த்து, பிரிட்டிஷ் அரசு அந்தக் கடனைத் தீர்த்தது. 100 பவுனுக்கு 100 பவுன்! ஒரு காசு குறையவில்லை. ஆனால் 1917இன் நூறு எங்கே, 2015இன் நூறு எங்கே? நாள் குறிக்கும் உரிமை, கடன் கொடுத்தவனிடம் இல்லை, வாங்கியவனிடம் இருந்தது!

எண்ணைக் காப்பாற்றினார்கள், மதிப்பைக் காப்பாற்றவில்லை. ஆலைத் தொழிலாளி பஞ்சப்படி கேட்பது ஏன் என்று வினவுவோர், இந்தப் பத்திரத்தைப் பார்க்கட்டும். விலைவாசியோடு ஏறாத கூலியும், ஏறாத வட்டியும் ஒன்றே. கையிலே விழும் காசை எண்ணினால் போதாது. அது எத்தனை படி அரிசி வாங்கும் என்றும் எண்ணுவோம்!