நின்ற கார் ஏன் நடுங்குகிறது?

மணலிக்கு அருகே, உப்புக்காற்று வீசும் சடையங்குப்பத்தில் மாதக்கணக்கில் உறைபோட்டு நிறுத்திய ஸ்போர்ட்ஸ் காரை ஸ்டார்ட் செய்தால், ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்றையொட்டி நிற்கவேண்டிய டாக்கோமீட்டர் முள் 500-க்கும் 1,200-க்கும் இடையே அலையலாம்.

ஏன்?

தேங்கிய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். அதில் கலந்துள்ள எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இன்ஜெக்டர் நுனியில் பிசின் படியும். சென்சார் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறும். ரப்பர் குழாயை எலி கடித்திருந்தால், சென்சார் அளக்காத காற்று நுழைந்து கலவையைக் கெடுக்கும். பேட்டரி இறங்கினால், பல கார்களில் கம்ப்யூட்டர் கற்றுவைத்த ஐட்லிங் அளவே அழிந்துபோகும்.

எனவே முதலில் பேட்டரி, புதுப் பெட்ரோல். பிறகு த்ராட்டில் பாடியின் கரி. கடைசியாக, இன்டேக் குழாய்க்குள் புகையைச் செலுத்தினால் விரிசல் எங்கே என்று கண்ணுக்கே தெரியும். இவற்றைப் பார்க்காமல் இன்ஜெக்டரை மாற்றுவது வீண்செலவு.