மானம் பார்த்த சொற்கள்

ஐப்பசி பிறந்தும் மழை இறங்காவிட்டால் மல்லாங்கிணற்றுக் கரிசல் காட்டில், "மானம் ஏமாத்திருச்சே" என்பார்கள். வானத்தைத்தான் சொல்கிறார்கள். தென்பாண்டிப் பேச்சில் வகரம் மகரமாகிவிட்டது. மழையை மட்டும் நம்பி விதைக்கும் நிலத்துக்கு வழங்கும் மானாவாரி என்ற பெயரும் வானவாரியின் மறுவடிவம்தான்; வாரி என்றால் விளைச்சல், வருவாய். இங்கே ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தாக வேண்டும். அந்தச் சில வாரங்கள் பொய்த்தால் விதைக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கும், கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பார். அப்போது போகிறதே, அதற்கும் மானம் என்றுதான் பெயர். அண்ணாந்து பார்ப்பதற்கும் தலைகுனியாமல் காக்க வேண்டியதற்கும் ஒரே ஒலி. எந்தப் புலவரும் உட்கார்ந்து கோத்த சிலேடை அல்ல இது, பேச்சிலேயே கிடக்கிறது. சொல்லோடு விளையாடுவது கவிஞரின் பொழுதுபோக்கு என்று நினைக்கிறோம். அதுதான் அவருடைய முதல் உழைப்பு என்பேன் நான். ஒரு நிலம் தன் சொற்களுக்குள் போட்டு வைத்திருப்பதை விளையாடிப் பார்க்கிறவர்தான் கண்டெடுக்க முடியும்.

இந்த ஊர்க்காரரான தமிழச்சி தங்கபாண்டியனின் கவிதைத் தொகுப்புகளுக்குள் போகவே வேண்டாம், தலைப்புகளே போதும். 'எஞ்சோட்டுப் பெண்' என்றால் என் வயதொத்த பெண். இலக்கணப்படி 'என் சோட்டு' என்று எழுதியிருக்கலாம். ஆனால் சகரத்தை உச்சரிக்கப் போகும் நாக்கு முன்கூட்டியே அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, னகரம் ஞகரமாகிவிடுகிறது. காதில் விழுந்தபடியே எழுதியதால் இன்னொன்றும் நடக்கிறது: படிக்கிற கண் முதலில் 'எஞ்சு' என்ற சொல்லில் தடுக்கி நிற்கிறது. கூட விளையாடியவர்களில் எஞ்சியவர்கள் யார், கட்டிக்கொடுத்துப் போனவர்கள் யார் என்ற நினைப்பு பொருள் புரியும் முன்பே வந்துவிடுகிறது. 'வனப்பேச்சி' இன்னும் ஆழமானது. பேச்சி, தெற்கத்தி ஊர்களின் காவல் தெய்வம். பேய்ச்சி என்ற சொல்லில் யகரம் உதிர்ந்து வந்த பெயர் என்பார்கள். ஆனால் இன்றைய காதுக்கு அதில் கேட்பது பேச்சு. பேயும் பேச்சும் ஒரே பீடத்தில் அமர்ந்துவிட்டன. காட்டில் நின்று பேசுகிறவள் என்றும் அவளை வாசிக்கலாம். இதே ஊரில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணனுக்கு 2018-இல் சாகித்ய அகாதமி விருது வாங்கித் தந்த நாவல் 'சஞ்சாரம்'. நாகஸ்வரக் கலைஞர்களின் கதை அது. ராகத்தின் போக்குக்கும் சஞ்சாரம், ஊர் ஊராக அலைவதற்கும் சஞ்சாரம். உரைநடைக்காரருக்கும் ஒரு சொல்லே கதையின் இரு கரையையும் கட்டிக் கொடுத்திருக்கிறது.

இதெல்லாம் தற்செயல், ஒலி ஒத்தால் பொருள் ஒக்குமா என்று கேட்கலாம். வேர்ச்சொல் ஆராய்ச்சியில் அந்தக் கேள்வி சரி. வானத்துக்கும் மானத்துக்கும் வேர் வேறு, இரண்டையும் ஒன்றென்று சாதிப்பது தவறு. கவிதையின் கணக்கு வேறு. எதுகை என்பது என்ன? இரண்டாம் எழுத்து தற்செயலாக ஒத்துப்போன இரு சொற்களை அருகருகே உட்கார வைப்பதுதானே. அதை ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகக் கொண்டாடிவிட்டு மானத்தை மட்டும் தற்செயல் என்று தள்ள முடியாது. சிலேடை செத்துப்போன வித்தை என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. பதினைந்தாம் நூற்றாண்டுக் காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடினார். அவிழ்த்துப் பார்க்கிற வரை வியப்பு, அவிழ்ந்த பின் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாம்புக்கும் எள்ளுக்கும் வாழ்க்கையில் உறவு கிடையாது, பாட்டில் மட்டுமே உறவு. வானத்துக்கும் மானத்துக்கும் இருக்கிற உறவைக் கரிசல் சம்சாரியின் அடகுச் சீட்டு சொல்லும். தண்டியலங்காரம் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்று பிரிப்பது சொல் உடைகிறதா இல்லையா என்பதை வைத்துத்தான். சிலேடைக்குப் பின்னால் வாழ்க்கை இருக்கிறதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

வெளியூர்க்காரருக்கு இது விளங்குமா, பொதுத்தமிழில் எழுதினால் என்ன என்பது பத்திரிகைகளில் நெடுங்காலமாக ஓடும் கேள்வி. செய்யுளுக்கு உரிய சொற்கள் நான்கு என்று வகுத்த தொல்காப்பியம் அதில் ஒன்றாகத் திசைச்சொல்லைச் சேர்த்திருக்கிறது. வட்டாரச் சொல் பின்வாசல் வழியாக வந்ததல்ல. விளங்காத சொல்லுக்கு வழியும் உண்டு: இடைசெவல் கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். இந்தச் சொற்கள் பயணமும் செய்யும். வயலையே பார்க்காத பட்டணத்துப் பிள்ளைகூட "மானாவாரியாத் திட்டிட்டான்" என்கிறது. பாத்தியும் வாய்க்காலும் இல்லாத நிலத்தின் பெயர் கட்டுப்பாடில்லாத வசவுக்குப் பொருந்திவிட்டது. அதனால் 'மானம் பாத்த பூமி' என்று ஒரு கவிதை அச்சுக்கு வரும்போது, எழுத்துப்பிழை என்று நினைத்துப் பிழை திருத்துபவர் பேனாவை எடுத்தால், அவரைக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். அவர் மாற்றப்போவது ஒரே ஓர் எழுத்து. அதோடு விதைக் கடனும், வாசலில் நிற்கிறவரும், உள்ளே கதவோரம் நிற்கிற வீட்டுக்காரியும் அந்த வரியைவிட்டுப் போய்விடுவார்கள்.